கூலர் அடியில் தேங்கும் 2 லிட்டர்: அதோட விலை என்ன?

சம்பளம், சேமிப்புன்னு பேசுற இடத்துல பீர் எதுக்குன்னு கேட்பீங்க. கணக்குக்காகத்தான். முதல்லயே சொல்லிடறேன்: தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம வீட்டுல பீர் தயாரிக்கிறது குற்றம். இது அமெரிக்கக் கதை. அங்க 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு அப்புறம், ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுல வருஷத்துக்கு 200 காலன் (சுமார் 757 லிட்டர்) வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு வரி கட்டாம காய்ச்சிக்கலாம். விற்கக்கூடாது.

முளைகட்டி உலர்த்தின பார்லியை, அதாவது மால்ட்டை, உடைச்சு சுமார் 66 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறப்போடுவாங்க. மாவுச்சத்து சர்க்கரையா மாறும். அந்த இனிப்புத் தண்ணிதான் வோர்ட். நிறைய பேர் இதுக்குப் பயன்படுத்துறது குழாய் மாட்டின ஒரு பிக்னிக் கூலர், உள்ளே ஒரு சல்லடை. நம்ம வீட்டுத் தண்ணி டிரம் மாதிரியே, குழாய் அடியை விடக் கொஞ்சம் மேல இருக்கும். அதுக்குக் கீழ நிக்கிற வோர்ட் வெளியே வராது. இதுக்குப் பேர் டெட் ஸ்பேஸ்.

எவ்வளவு நிக்குதுன்னு ஊகிக்க வேண்டாம். காலி கூலர்ல 10 லிட்டர் தண்ணி ஊத்தி, குழாயைத் திறந்து, வந்ததை அளங்க. 8 வந்தா, 2 லிட்டர் உள்ளே.

இப்போ பணம். 5 கிலோ மால்ட், நமக்கு வேண்டியது 27 லிட்டர் வோர்ட்னு வைங்க. மால்ட் தானே கிலோவுக்கு ஒரு லிட்டர் குடிச்சிடும். ஆக 32 லிட்டர் ஊத்தணும். டெட் ஸ்பேஸ் சேர்த்தா 34. அளவு சரியாகிடும், ஆனா சர்க்கரை? 32-ல 27 எடுத்தா 84% கிடைக்கும், 34-ல 27 எடுத்தா 79% தான். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட சுமார் 300 கிராம் மால்ட் கூடுதலா போடணும். கிலோ 4 டாலர்னா, 1.20 டாலர். அவ்வளவுதான்!

இங்கதான் பல பேர் சறுக்குறாங்க. "வேஸ்ட் ஆகுதே"ன்னு 60 டாலருக்குப் புது சல்லடை செட் வாங்கினா, மாசம் ஒரு தடவை காய்ச்சுறவருக்குப் போட்ட காசு திரும்ப 4 வருஷத்துக்கு மேல ஆகும். 10 டாலர்ல, அடியைத் தொடுற மாதிரி வளைச்ச செம்புக் குழாய் உள்ளே மாட்டினா ஒன்பதாவது தடவையிலயே திரும்பிடும். கூலருக்குப் பின்னாடி ஒரு மரக்கட்டை வச்சுக் குழாய்ப் பக்கம் லேசா சாய்ச்சா செலவே இல்லை. நானா இருந்தா இதைத்தான் முதல்ல பண்ணுவேன். சாய்ச்ச பிறகு திரும்பவும் 10 லிட்டர் ஊத்தி அளந்துடுங்க, பழைய நம்பர் செல்லாது.

முதல் வடிப்புக்கு அப்புறம் இன்னொரு தடவை வெந்நீர் ஊத்தி அலசி எடுக்கிறவங்களுக்கு நஷ்டம் இதை விடக் குறைவு. கடைசியில அடியில நிக்கிறது நீர்த்துப்போன வோர்ட்தானே. அவங்க அந்த 10 டாலரைக் கூட யோசிச்சுதான் செலவு பண்ணணும்.