எஞ்சினுக்குள் ஒரு காது

இலங்கைப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் என்பது கிளப்புவதற்கு மட்டும்தான். காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். மோட்டார் சைக்கிளும் பழைய ஏ40 காரும் அப்படித்தான் ஓடின. பாரம் ஏறினால் எஞ்சினுக்குள் உலோகம் கலகலக்கும். சத்தம் கேட்டதும் ஓட்டுநர் அக்சிலேற்றரைத் தளர்த்துவார். மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைப் பின்தள்ளுவார். இன்றைய கார்களில் அதைக் கேட்பது நொக் சென்சர், டைமிங்கைத் திருத்துவது கணினி.

பிளக் பொறி விட்டதும் தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவவேண்டும். ஒக்டேன் குறைந்த எரிபொருள் அதுவரை பொறுக்காது. அழுத்தமும் சூடும் ஏற, எரியாமல் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். இதுதான் நொக். சிலிண்டர் சுவர் விநாடிக்கு 6,000, 7,000 தடவை அதிரும். இது நீடித்தால் பிஸ்டன் தலை அரிபடும், ரிங் உடையும், ஹெட் காஸ்கற் போகும்.

நொக் சென்சர் எஞ்சின் புளொக்கில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பீங்கான் வில்லை, அதிர்வு நெரிக்கும்போது சிறு மின்னழுத்தம் தரும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் அந்தக் கணத்தில் மட்டும் கணினி அதைக் கவனிக்கும். அதனால் வால்வுச் சத்தத்தில் ஏமாறாது. நொக் தெரிந்தால் பொறியைச் சில பாகை தாமதப்படுத்தி, அடங்கியதும் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவரும். 1978இல் பியூயிக் ரேர்போ கார்களில் வந்த இந்த ஏற்பாடு இப்போது சிறிய கார்களிலும் உண்டு.

நொக் சென்சரை இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று கணக்கில்லை. செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கானர் பி0325 என்று காட்டினால், சமிக்ஞை சரியாக வரவில்லை என்பதே பொருள். சென்சர் செத்துவிட்டது என்று அப்போதே முடிவுகட்ட வேண்டாம். முதலில் வயரை எலி கடித்திருக்கிறதா, சொக்கற்றில் பச்சை பிடித்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தும் கோட் திரும்பி வந்தால், அல்லது சென்சரில் வெடிப்பு விழுந்திருந்தால் மாற்றலாம். மாற்றாமல் ஓடினால் கணினி பாதுகாப்புக்காக டைமிங்கைப் பின்தள்ளியே வைக்கும். இழுவை குறையும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும்.

பூட்டும்போது சென்சர் அமரும் இடத்தைத் துடைத்து, இடையில் வாஷர் எதுவும் வைக்காமல் இறுக்கவேண்டும். பல கார்களுக்கு இறுக்கும் முறுக்குவிசை 20 நியூட்டன் மீற்றர் அளவில் இருக்கும். கூடினாலும் குறைந்தாலும் சமிக்ஞை பிழைக்கும். புது சென்சர் போட்ட பிறகும் ஏற்றத்தில் கலகலச் சத்தம் கேட்டால், பெற்றோலின் தரம், படிந்த கரி, எஞ்சின் சூடு ஆகியவற்றைச் சோதியுங்கள். இன்னொரு சென்சருக்குக் காசு செலவழிப்பதில் பயனில்லை.