பாசிப் பூச்சிக்கு இடம் யாது?

வகுத்தல் அறிவின் முதற்படி. ஆயின், எவ்வடையாளங் கொண்டு வகுப்பது? தொல்காப்பியர் மரபியலில் உயிர்களைப் புலனறிவின் தொகை கொண்டு வகுத்தார். பூச்சிநூலார் வாயையும் சிறகையும் கொண்டனர்.

நம் வயலில் நெற்கதிரை உறிஞ்சும் மூட்டைப்பூச்சியை அறிவோம். அதனைப்போல் ஊசிவாய் கொண்ட பூச்சியினத்தை லத்ரெய் என்பார் 1810இல் இரண்டாக்கினார். முன்சிறகின் அடி தடித்து நுனி மெலிந்தவை ஒன்று. சிறகு முழுதும் ஒருதன்மைத்தானவை மற்றொன்று.

தென்னமெரிக்காவின் தென்கோடியில் ஈரப்பாசியில் வாழும், சில மில்லிமீற்றரே நீளமான தட்டைப் பூச்சியொன்றைப் பிரெடின் 1897இல் விவரித்து, முதற்பிரிவிற் சேர்த்தார். அதன் ஊசிவாயோ தலையின் பின்புறத்தே தொடங்குவது. அஃது இரண்டாம் பிரிவின் இயல்பு. எனவே சைனா என்னும் ஆங்கில அறிஞர் 1924இல் அதனை அப்பிரிவுக்கு மாற்றினார். 1929இல் அவரும் மையர்சும் மீண்டும் நுணுகி நோக்கினர். வாயின் அடியை மார்பின் முன்பகுதி உறைபோற் பொதிந்திருத்தலைக் கொண்டு, ‘உறைமூக்கி’ எனப் பொருள்படும் தனிப்பெயரிட்டனர். எனினும் இரண்டாம் பிரிவினின்றும் அதனை நீக்கினாரல்லர்.

பிற்கால மரபணு ஆய்வோ அதனை முதற்பிரிவின் நெருங்கிய உறவெனக் காட்டிற்று. இரண்டாம் பிரிவு ஒரே கால்வழியினது அன்று என்பதும் தெளிவாயிற்று. இன்று உறைமூக்கிகள் தனித் துணைவரிசையாய் நிற்கின்றன.

மாணவர்காள்! சூத்திரத்துள் அடங்காத சொல்லைக் கண்டால், சொல்லை வழுவென்று தள்ளுதல் எளிது. நல்லாசிரியன் புறனடை வகுப்பான். வேண்டுமாயின் சூத்திரத்தையே திருத்துவான். அரிசியளவே ஆன பூச்சியொன்று நூற்றாண்டுப் பழமையான விதியைத் திருத்தியது; அதனினும் நல்ல பாடம் உண்டோ?