டிரைவர் ஏன் பேச்சை நிறுத்துகிறார்?

சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் போகும்போது டிரைவருக்குப் பின்னால் சீட் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை கண்டக்டரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார். கொண்டை ஊசி வளைவு வந்ததும் பேச்சு அப்படியே நின்றுவிடும். வளைவு தாண்டியதும் "ஆங், எங்க விட்டேன்?" என்று தொடர்வார். இருபது வளைவுக்கும் இதே கதைதான்.

ஸ்டியரிங்குக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் மூளையில் மிச்சம் இல்லை, அவ்வளவுதான். இதை மனச்சுமை என்று எழுதினால் கடன், கல்யாணக் கவலை ஞாபகம் வரும். எனவே மூளைச்சுமை என்றே வைத்துக்கொள்வோம். முக்கிய வேலையோடு சின்ன வேலை ஒன்றைக் கொடுத்து, அது எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது மூளைச்சுமையை அளக்கும் ஒரு முறை.

சரி, மலையிறங்கி மில்லுக்குள் வருவோம். 'ஒர்க்லோடு' என்ற சொல் நம் பகுதி நூற்பாலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. ஒருவர் எத்தனை கதிர் பார்ப்பது என்பதில்தான் சங்கமும் நிர்வாகமும் மோதும். கோவையில் 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் (சிட்ரா) போன்றவை இதற்கான ஆய்வுகள் செய்திருக்கின்றன. நூல் அறுந்தால் பிணைக்க எத்தனை வினாடி, நடை எவ்வளவு என்று ஸ்டாப்வாட்ச் கணக்கு. நாம் ஒர்க் ஸ்டடியில் படித்த அதே பாடம்.

ஆனால் ஆட்டோகோனரில் நூலை மிஷினே இணைத்துவிடுகிறது. தொழிலாளி பார்ப்பது விளக்கையும் திரையையும். எதை முதலில் கவனிப்பது, எது தானே சரியாகும் என்ற யோசனை ஸ்டாப்வாட்சில் விழாது. "கை சும்மாதானே இருக்கு, இன்னொரு மிஷினும் பார்க்கட்டும்" என்று தீர்ப்பாகிவிடும்! அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. ஆபரேட்டர்களுக்கு எது முக்கியம் என்றே பிடிபடவில்லை. அவசரக் குளிர்விப்பு நீரைத் தாங்களே குறைத்துவிட்டார்கள். அங்கேயும் கை சும்மாதான் இருந்தது.

இதை அளக்க நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஹார்ட், ஸ்டேவ்லண்ட் இருவரும் 1988-ல் வெளியிட்ட டி.எல்.எக்ஸ். அட்டை இன்றும் புழக்கத்தில் உண்டு. வேலை முடிந்த கையோடு ஆறு விஷயங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள்: யோசனை, உடலுழைப்பு, நேர நெருக்கடி, வேலை எவ்வளவு சரியாக அமைந்தது (இதில் மட்டும் மோசமானால் எண் கூடும்), முயற்சி, எரிச்சல்.

உதாரணத்துக்கு ஒருவர் இதே வரிசையில் 75, 30, 80, 40, 65, 70 போடுகிறார் என்று வைப்போம். சராசரி 60. ஆனால் ஆறையும் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, 'இந்த வேலையில் எது அதிகம் படுத்தியது?' என்றும் கேட்க வேண்டும். மொத்தம் 15 ஜோடி. ஒவ்வொன்றும் முறையே 4, 0, 5, 1, 2, 3 தடவை தேர்வானால், பெருக்கிக் கூட்டி 15-ஆல் வகுக்க 72 வரும். உடலுழைப்பு கணக்கிலேயே இல்லை, பாருங்கள்.

இதயத் துடிப்புகளின் இடைவெளியை வைத்தும் அளக்கலாம். மூளைச்சுமை ஏறினால் இடைவெளியின் ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் மில்லின் வெக்கையும் நடையும் துடிப்பை மாற்றிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

என் அபிப்பிராயத்தில், எண்ணைவிட முக்கியம் கேட்கிற ஆள். இன்பிளான்ட் டிரெய்னிங் போன மில்லில் ஒரு அக்காவிடம் இந்த ஆறையும் கேட்டேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். "எல்லாம் பழகிடுச்சு தம்பி" என்று எல்லாவற்றுக்கும் இருபது, முப்பது போட்டார். டீ டைமில் அவரே வந்தார். "ஓடறதுகூட பரவால்ல தம்பி. நூல் தீந்தாலும் செவப்பு, மிஷின் கெட்டாலும் செவப்பு. எதுக்கு மொதல்ல ஓடறதுன்னு தலை சுத்துது. அந்த எரிச்சலுக்குத் தொண்ணூறு போட்டுக்க. பேரு மட்டும் எழுதிடாத."