படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

பிள்ளையில்லாத பெரியம்மாவுக்கு முதியோர் இல்லம் தேடும் குமாஸ்தா முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு?" என்பதுதான். இலவச இல்லம் ஆதரவற்றோருக்கு என்பார்கள். கட்டண இல்லமோ சம்பளத்தில் பாதியை விழுங்கும்! அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வீர்களா?" நடமாடுகிறவர்களை மட்டுமே சேர்க்கும் இல்லங்கள் பல. ஆயாவுக்குத் தனிக் கட்டணமா, முன்பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

மாவட்டந்தோறும் ஏழை முதியோர் 150 பேருக்காவது இல்லம் 'அமைக்கலாம்' என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். 'அமைக்க வேண்டும்' என்றல்லவா இருந்திருக்க வேண்டும்! ஆனால், பிள்ளையில்லாதவரின் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் வசதியுள்ள உறவினர் பராமரித்தே தீர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அதற்குக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். விவரம் கேட்க, முதியோர் உதவித் தொலைபேசி 14567, கட்டணம் இல்லை.