இரவல் ஒளி

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமுக்கு அண்மையில் இற்றர்பி என்றொரு சிற்றூர் உண்டு. 1787ஆம் ஆண்டில் அங்குள்ள கற்சுரங்கத்தில் அரேனியஸ் என்னும் இராணுவ அதிகாரி பாரமான கரிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அக்கல்லில் தொடங்கிய ஆராய்ச்சி நீண்டு சென்று பல புதிய மூலகங்களை வெளிப்படுத்திற்று. அவற்றுள் நான்கு அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தெர்பியம் அவற்றில் ஒன்று. அதன் இனத்ததாகிய யூரோப்பியத்தை 1901இல் பிரான்சிய இரசாயனி தெமார்சே பிரித்தறிந்தார். இவ்வினத்தை இலந்தனைட்டு என்பர்.

யூரோப்பியம் செந்நிறமாகவும் தெர்பியம் பச்சை நிறமாகவும் ஒளிர வல்லன. ஒளிதரும் இலத்திரன்கள் அணுவின் வெளி ஓடுகளுக்கு உட்புறத்தே, உள்ளறையில் இருப்பார் போல மறைந்துள்ளமையால், அந்நிறங்கள் கலப்பின்றித் தூயனவாக விளங்குகின்றன. ஆயின் நேரே பாயும் ஒளியை ஏற்கும் ஆற்றல் அவற்றிற்கு மிகக் குறைவு. பெரும்பகுதி வீணே கடந்துபோய்விடும்.

இக்குறைக்கு வழி 1942இல் புலப்பட்டது. யூரோப்பியத்தைச் சேதனச் சேர்வையோடு பிணைத்தால், அச்சேர்வை ஊதாக்கடந்த ஒளியைப் பருகித் தான் பெற்ற சக்தியை உலோகத்திற்குக் கையளிப்பதை வைஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டார். கூரைமேற் கட்டிய ஏரியல் கம்பி வானொலிப் பெட்டிக்குச் செய்யும் உதவி போன்றதே இது. விஞ்ஞானிகளும் இதனை ஏரியல் விளைவு என்றே வழங்குகின்றனர்.

இந்த இணைப்பை ஒழுங்கான கட்டடமாக எழுப்பினால் உலோக-சேதனச் சட்டகம் கிடைக்கும். உலோக அயன்கள் மூட்டுக்கள். சேதன மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் சட்டங்கள். இடையிலே எண்ணற்ற நுண்ணறைகள். இத்துறைக்கு வித்திட்ட கித்தகாவா, றொப்சன், யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆக்கும் முறை, கேட்பதற்குச் சமையல் போன்றதே. யூரோப்பிய நைத்திரேற்றையும் தெரப்தாலிக் அமிலம் போன்றதொரு சேதன அமிலத்தையும் ஏற்ற திரவத்திற் கரைத்து, இறுக மூடிய உருக்குக் கலத்தில் 100 பாகை செல்சியசுக்கு மேல் ஓரிரு நாட்கள் சூடேற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். அடியிற் பளிங்குகள் படியும். வெற்றுக் கண்ணுக்கு வெள்ளைத் தூளே. ஊதாக்கடந்த விளக்கின் கீழோ தணல் போலச் சிவக்கும்.

இவ்வொளிக்குப் பெரும் பகை நீர். உலோகத்தை ஒட்டி அமரும் நீர் மூலக்கூறு, ஒளியாக வேண்டிய சக்தியைத் தன் அதிர்விலே விழுங்கிவிடுகிறது. கனநீரில் அவ்வதிர்வு மெதுவானது. ஆகவே அங்கு ஒளி நீடிக்கிறது. நீரைச் சூடாக்கி வெளியேற்றலாமெனினும், சில சட்டகங்கள் அப்போது குலைந்துபோகின்றன.

2012இல் வெளியான ஆய்வொன்று இச்சட்டகத்தை வெப்பமானியாக்கிற்று. அதில் உள்ள உலோகத்திற் பெரும்பகுதி தெர்பியம். நூற்றுக்கு ஒன்றிலும் குறைவான பங்கே யூரோப்பியம். சூடு ஏறுந்தோறும் தெர்பியம் தன் சக்தியை யூரோப்பியத்திற்கு மேன்மேலும் வழங்க, பச்சை தணிந்து சிவப்பு ஓங்கும். இரு நிறங்களின் விகிதமே வெப்பநிலையைச் சொல்லிவிடும். பொருளைத் தொடவும் தேவையில்லை. எனினும் அது செவ்வையாக அளந்தது பூச்சியத்துக்குக் கீழ் 223 பாகை முதல் 73 பாகை வரையான கடுங்குளிரையே. உடலின் உயிர்க்கலங்களை அளப்பதற்கு வேறு சட்டகங்கள் ஆக்கப்படுகின்றன. நீர் நிறைந்த அவ்விடத்தில் குலையாமலும் மங்காமலும் நிற்பதே அவற்றிற்கு முதற் சோதனை.