வைக்கோலின் இடியாப்பச் சிக்கல்

‘பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே, அது வைக்கோலிலிருந்து எடுத்ததா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பெரும்பகுதி கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வருகிறது. வைக்கோலுக்கென்று ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் ஓர் ஆலை கட்டி, 2022 ஆகஸ்டில் திறந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்றது அறிவிப்பு. அறிவிப்புதான், அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி மாவிலும் வைக்கோலின் செல்லுலோஸிலும் இருப்பது அதே குளுக்கோஸ். பிணைப்புதான் வேறு. செல்லுலோஸ் இழைகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று இறுக ஒட்டிக் கிடக்கும். ஆறிக் காய்ந்து கல்லாகிப்போன இடியாப்பம் என்று வையுங்கள். மேலே லிக்னின் என்ற பிசின் பூச்சு வேறு. அதனால் முதலில் அமிலமும் நீராவியும் கொடுத்து மறுபடி வேகவைக்கிறார்கள். பிறகு பந்தியில் உட்காருகிறது செல்லுலேஸ் நொதி. அதற்குப் பிய்த்துத் தின்னத் தெரியாது. உடலிலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது. இழையின் நுனியைத் தேடிப் பிடித்து, அதற்குள் இழுத்து, இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கடித்துத் துப்பிக்கொண்டே நகரும். வேகம் நொடிக்குச் சில நானோமீட்டர். முன்னால் போகும் நொதி முடிச்சில் மாட்டி நின்றால், பின்னால் வருபவை எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். கதையல்ல. 2011இல் ஜப்பானின் இகராஷி குழுவினர் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் இந்த நெரிசலைப் படமே பிடித்தார்கள். பந்தியில் கூடுதலாக ஆள் உட்கார்ந்தால் இலை சீக்கிரம் காலியாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. நொதியோ விலை கூடிய சரக்கு.

வரலாறும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போரில், சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணிகளை ஒரு பூஞ்சை தின்று தீர்த்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரைத் தாங்கி அது இன்று ட்ரைக்கோடெர்மா ரீசி. கூடாரத்தைக் காக்கத் தொடங்கிய ஆராய்ச்சி, செல்லுலேஸ் நொதிக்காகக் கூடாரந்தின்னியையே வளர்க்கும் தொழிலில் முடிந்தது.

நொதி ஜெயித்தாலும் ஆலை ஜெயிப்பதில்லை. அறுவடை சில வாரங்கள்தான்; ஆலைக்கோ வருடம் முழுக்கத் தீனி வேண்டும். கட்டோடு மண்ணும் வரும். வைக்கோலிலுள்ள சிலிக்கா இயந்திரத்தைத் தேய்க்கும். அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளத் தட்டைக்காக டூபாண்ட் நிறுவனம் 2015இல் திறந்த பிரம்மாண்ட ஆலை, 2017லேயே நின்றுபோனது.

அடுத்த முறை ‘வைக்கோலில் வண்டி ஓடும்’ என்று செய்தி வந்தால், ஆலையின் கொள்ளளவைப் படித்து மலைக்காதீர்கள். போன வருடம் எத்தனை லிட்டர் வெளியே போனது என்று கேளுங்கள்.