வளர்ச்சிப் புதினம்

வளர்ச்சிப் புதினம் என்பது ஒருவர் சிறுபருவத்திலிருந்து முதிர்ச்சி அடைவதை மையமாகக் கொண்ட புதின வகை ஆகும். செருமன் மொழியில் இது பில்டுங்ஸ்ரோமான் எனப்படுகிறது. கதையின் முதன்மை மாந்தர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இவ்வகைப் புதினங்களின் போக்கும் முடிவும் பெரிதும் வேறுபடுகின்றன.

தோற்றம்

கேத்தே எழுதிய "வில்லெம் மைசுடரின் பயிற்சிக் காலம்" (1795–96) இவ்வகையின் முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. வணிகக் குடும்பத்து இளைஞனான வில்லெம் நாடகக் குழுவினருடன் ஊர் ஊராகச் செல்கிறான், காதலிக்கிறான், தவறுகள் செய்கிறான், இறுதியில் சமூகத்தில் தனக்கான இடத்தைப் பெறுகிறான். வீட்டை விட்டு நீங்குதல், பட்டறிவு, திரும்ப இணைதல் ஆகியன இதன் அமைப்பாகும்.

பாலினமும் வளர்ச்சியும்

இவ்வமைப்பு, தனியே பயணம் செய்யவும் தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் கூடிய ஒருவரை முன்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பெண்களில் பெரும்பாலானோர்க்கு இவ்வாய்ப்புகள் இல்லை. இங்கிலாந்தில் மணமான பெண்கள் தம் சொத்தைத் தாமே வைத்துக்கொள்ளும் முழுமையான உரிமையை 1882 ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது.

சியார்ச் எலியட் என்ற புனைபெயரில் மேரி ஆன் எவன்சு எழுதிய "தி மில் ஆன் தி பிளாசு" (1860) இவ்வேறுபாட்டை ஒரே வீட்டில் வைத்துக் காட்டுகிறது. படிப்பில் நாட்டமில்லாத டாம் இலத்தீன் கற்க அனுப்பப்படுகிறான். அறிவுக்கூர்மை மிக்க தங்கை மேகியோ அண்ணனைக் காணச் செல்லும்போதுதான் அந்நூல்களைத் தொடுகிறாள். பின்னர் டாம் உழைத்துத் தந்தையின் கடனை அடைத்து மதிப்புப் பெறுகிறான். ஓர் ஆடவனுடன் படகில் சென்று, மணம் செய்ய மறுத்துத் திரும்பும் மேகியை ஊர் பழிக்கிறது. அண்ணனும் வீட்டினுள் ஏற்க மறுக்கிறான். இறுதியில் வெள்ளத்தில் இருவரும் இறக்கின்றனர்.

சார்லட் பிராண்டியின் "ஜேன் அயர்" (1847) மகிழ்ச்சியாக முடிகிறது. எனினும், சிற்றப்பனின் சொத்து கிடைத்துத் தற்சார்பு அடைந்த பின்னரே ஜேன் மணம் புரிகிறாள் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழில்

பெண்ணின் பூப்பு அவளது நடமாட்டத்தையும் கல்வியையும் கட்டுப்படுத்தும் சூழலில், வளர்தல் என்பதே வீட்டினுள் அடைபடுதலாகிறது. இஸ்லாமியக் குடும்பங்களின் பெண்களைப் பற்றிய சல்மாவின் "இரண்டாம் ஜாமங்களின் கதை" (2004) புதினத்தில் சிறுமி ராபியாவின் பார்வை முக்கிய இடம் பெறுகிறது. சல்மாவின் பள்ளிப்படிப்பும் அவரது 13ஆம் வயதில் நிறுத்தப்பட்டது.